பந்து எடுக்கப் போனவன்

கடினப்பந்துக் கிரிக்கெட்டை என் ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் ஆடியிருக்கிறேன். அன்றைக்கு என்னை ஒருவரும் ஆட்டமிழக்கச் செய்யவில்லை. பிடி கொடுக்கவில்லை, விக்கெட் சரியவில்லை, நடுவர் விரலைத் தூக்கவில்லை. நானாகத்தான் கிளம்பிப் போனேன். எங்கே போனேன் என்று எழுத இத்தனை வருடமும் கூச்சமாக இருந்தது. இப்போது வயதாகிவிட்டது, கூச்சப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சியில் கோட் போட்ட நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். கழக மட்டத்தில் ஓட்டங்களை மலையாகக் குவித்த பையன், நாட்டுத் தொப்பியைத் தலையில் வைத்ததும் ஏன் இப்படிச் சுருங்கிப் போகிறான் என்பது அவர்களுடைய கவலை. ஒருவர் ஆடுகளம் என்கிறார். ஒருவர் வேகம் என்கிறார். மூன்றாமவர் மனசு என்கிறார். நாலாமவர் மூன்று பேர் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறார். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். (கோட் போட்டவங்க பொய் சொல்லுவாங்களா.) ஆனால் அந்தப் பையன் சின்ன வயதில் ஆடிய இடத்தில் மதில் எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு மதில் இடது பக்கம் இருந்தது.

மஹய்யாவயில் எங்கள் வரிசை வீடுகளுக்கும் பொதுப் பைப்புக்கும் நடுவே தட்டையாக ஒரு துண்டு நிலம் உண்டு. கண்டியில் தட்டையான நிலம் என்பது கடவுள் மறந்துபோய் விட்டுவைத்தது. அதுதான் எங்கள் மைதானம். வலது பக்கம் வீடுகள், வீடுகளுக்குள் அடுப்பு, அடுப்பில் சோறு. இடது பக்கம் மதில், மதிலுக்குக் கீழே பள்ளம், பள்ளத்துக்குக் கீழே கட்டுகஸ்தோட்டை ரோடு. மதிலைத் தாண்டிய டெனிஸ் பந்து பள்ளத்தில் உருண்டு, ரோட்டில் விழுந்து, பஸ்ஸுக்கு முன்னால் கட்டுகஸ்தோட்டைக்குப் போய்ச் சேரும். அதனால் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. மதிலுக்கு மேலே அடித்தால் அவுட். அடித்தவனே இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். எடுத்து வந்த பந்தைத் தூரத்தில் நின்று எறியக் கூடாது. போட்டவனுடைய கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது ஒரு வகை மன்னிப்பு.

இந்தச் சட்டத்துக்குள் நான் ராஜா. தரையோடு தரையாக, பைப்புக்கும் துணி காயும் கொடிக்கும் இடையில் உள்ள இரண்டு முழ இடைவெளியில் பந்தைத் தள்ளி ஓட்டம் எடுப்பேன். என்னை அவுட்டாக்க நல்ல பந்து போதாது, அம்மா வந்து சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று சொல்வார்கள். மென்பந்துப் போட்டிகளில் வாங்கிய கிண்ணங்கள் எங்கள் அலுமாரிக்கு மேலே நின்றன. ஒன்றில் அக்கா ஊசி நூல் வைத்திருந்தாள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நேர்முகத் தேர்வுகளில் எனக்கு ஒன்று பழகிப்போயிருந்தது. பெயர் கேட்பார்கள், படிப்புக் கேட்பார்கள், முகம் மலர்ந்திருக்கும். பிறகு விண்ணப்பத்தில் விலாசத்துக்குக் கண் இறங்கும். மஹய்யாவ என்றால் மாநகரசபைத் துப்புரவு வேலைக்காரர்களின் பிள்ளைகள் என்று கண்டிக்கே தெரியும். கண் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு, "கடிதம் போடுறோம்." அந்தக் கடிதங்கள் எல்லாம் இன்னும் தபாலில்தான் இருக்கின்றன. அப்பாவுடைய வேலை அப்பாவுக்குப் பிறகு எனக்கு என்று ஏற்கனவே பேச்சிருந்தது. அப்பா அதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. காலையில் என்னைக் கடந்து போகும்போது கொஞ்சம் மெதுவாக நடப்பார், அவ்வளவுதான்.

அப்போதுதான் மச்சான் வந்தார். அக்காவின் கணவர், திகனப் பக்கம் ஒரு கம்பனியில் ஸ்டோர் கிளார்க். அந்தக் கம்பனிக்குக் கிரிக்கெட் பைத்தியம். நன்றாக ஆடுகிறவனுக்கு ஒஃபிசில் நிரந்தர வேலை கொடுத்து அணியில் சேர்த்துக்கொள்வார்கள்.

"ஒரு எடம் காலியா இருக்கு," என்றார் மச்சான். "ரெண்டு பேரப் பாக்கப் போறாங்க. நீயும் கம்பளையில இருந்து ஒரு பையனும். ஞாயித்துக்கிழமை மேட்ச். மேனேஜரே வந்து ஒக்காருவாரு."

"வெலாசம் கேப்பாங்களா?"

"ரன்னு எத்தினின்னுதான் கேப்பாங்க. ரன்னுக்கு ஏதுடா வெலாசம்."

அந்த வாசகம் எனக்குள்ளே போய் விளக்கு மாதிரி எரிந்தது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மச்சான் கம்பனியிலிருந்து ஒரு பை நிறையச் சாமான் இரவல் வாங்கி வந்தார். கால் கவசம், கையுறை, இன்னும் ஏதேதோ. எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து வீடே சுற்றி உட்கார்ந்து பார்த்தது. இடுப்புக்குக் கீழே வைக்கிற கவசத்தை அக்கா எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது மூக்குக்கா?" என்றாள். மச்சான் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் காலில் கவசத்தைக் கட்டிக்கொண்டு நடந்து பழகினேன். இரண்டு நாய்கள் பைப்படி வரை துரத்தின. பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்த நாய்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை மலைக்குப் பின்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. மைதானத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். இவ்வளவு பெரிய தட்டையை நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் புல். துணிக்கொடி இல்லை, பைப் இல்லை, சோறு வேகிற வாசம் இல்லை. எதை வைத்து அளவு பார்ப்பது என்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு முள்கம்பி வேலி. அதற்கப்பால் யாரோ ஒருவருடைய தோட்டம், மிளகுக் கொடி ஏறிய மரங்கள்.

கம்பனிக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரித்திருந்தார்கள். நானும் கம்பளைப் பையனும் ஒரே பக்கம். நான் நாலாவது, அவன் ஐந்தாவது. எதிர்ப்பக்கத்தில் ரியாஸ் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). மடவளைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், கம்பனியின் வேகப்பந்து வீச்சாளர். கழகப் போட்டிகளில் விக்கெட்டுகளை அறுவடை செய்தவர் என்றும், ஒரு தடவை நாட்டு அணியின் பயிற்சி முகாமுக்கே கூப்பிட்டுப் போனார்கள் என்றும், பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டார் என்றும் மச்சான் பஸ்ஸில் சொல்லியிருந்தார். ஏன் வந்தார் என்று யாருக்கும் தெரியாதாம்.

என் முறை வந்தது. போய் நின்றேன். நடுவர் பெரிய தொப்பிக்குக் கீழிருந்து சிங்களத்தில் கேட்டார்: "என்ன வேணும்?" எந்தக் குச்சிக்கு நேராக நிற்கப் போகிறாய் என்று கேட்கிறார். துடுப்பை எங்கே வைப்பது என்று ஒரு கோடு போட்டுத் தருவார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நான், பணிவாக, "ஒன்னும் வேணாம் சேர்," என்றேன். விக்கெட் காப்பாளர் குனிந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆடினேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் சில பந்துகள் கல் மாதிரி வந்தன. துடுப்பில் பட்டால் முழங்கை வரை மின்சாரம். பிறகு கை பழகியது. கற்பனையில் ஒரு பைப்பை வைத்தேன், ஒரு துணிக்கொடியைக் கட்டினேன், இரண்டுக்கும் நடுவே தள்ளினேன். ஓட்டம் வந்தது. மறுபடி தள்ளினேன். மறுபடி வந்தது. பெவிலியனில் மேனேஜர் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்பதும், மச்சான் எழுந்து நின்று பதில் சொல்வதும் தெரிந்தது. அந்த வேலை என்னை நோக்கி நடந்து வருவதை நான் கண்ணால் பார்த்தேன்.

ரியாஸ் நானா பந்தை வாங்கினார். நீளமாக ஓடி வந்து குட்டையாக ஒன்று குத்தினார். டெனிஸ் பந்து அந்த இடத்தில் குத்தினால் இடுப்புக்கு வரும். இது என் மூக்கைத் தேடி வந்தது. நான் அடிக்கவில்லை, சத்தியமாக அடிக்கவில்லை. மூக்கைக் காப்பாற்றத் துடுப்பை வீசினேன். எங்கோ பட்டது. பந்து மேலே போனது. இடது பக்கம். மேலே மேலே மேலே போய், வேலியைத் தாண்டி, மிளகுக் கொடிகளுக்குள் விழுந்தது.

கைதட்டினார்கள். விசில் கூடக் கேட்டது. நடுவர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

எனக்குக் கேட்டது வேறு. அடிவயிற்றில் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய குரல் ஒன்று, 'போச்சுடா' என்றது. நல்லா ஆடிக்கிட்டு இருந்தியே, இப்படி மதிலுக்கு மேல தூக்கிட்டியேடா என்றது. நான் துடுப்பைக் கக்கத்தில் வைத்தேன். தலையைக் குனிந்தேன். நடந்தேன்.

பெவிலியனுக்கு இல்லை. வேலிக்கு.

(இத வாசிக்கிறவங்க நம்ப மாட்டீங்க. நம்ப வேணாம். எனக்கே நம்பிக்கையில்ல.)

மைதானம் முழுவதும் நின்று என்னைப் பார்த்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. தப்புச் செய்தவன் எப்படிப் பார்ப்பான். எல்லைக்கோட்டில் நின்றிருந்த களத்தடுப்பாளர் வழிவிட்டார். துடுப்பை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, கவசங்களோடு முள்கம்பிக்கு மேலே ஏறினேன். காற்சட்டையின் பின்பக்கம் கிழிகிற சத்தம், அமைதியான மைதானத்தில், பெவிலியன் வரை கேட்டது என்று மச்சான் இன்றைக்கும் சொல்வார்.

அந்தப் பக்கம் ஒரு வயதான சிங்கள அம்மா மிளகு ஆய்ந்துகொண்டிருந்தார். பந்து அவருடைய கூடைக்குள்ளேயே கிடந்தது. கால் இரண்டிலும் மெத்தை கட்டிக்கொண்டு வேலியிலிருந்து இறங்கிய மனிதனை அவர் நிதானமாகப் பார்த்தார். பந்தை எடுத்து நீட்டினார். "உங்கள் பக்கம் வேறு ஆளே இல்லையா மகனே?" என்றார்.

திரும்ப ஏறி, குதித்து, துடுப்பை எடுத்துக்கொண்டு நேரே ரியாஸ் நானாவிடம் போனேன். பந்தை அவர் கையில் வைத்தேன். "ஸொறி நானா," என்றேன். அவர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பந்தைப் பார்த்தார். பிறகுதான் நான் பெவிலியனை நோக்கி நடக்கத் தொடங்கினேன்.

"எங்கே போகிறாய்?" என்று நடுவர் சத்தம் போட்டார். "ஆறு ஓட்டம். ஆறு. வந்து நில்."

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. காலிலிருந்து தலை வரைக்கும் சூடு ஏறியது. இங்கே மதில் இல்லை. இங்கே ரோடு இல்லை. பந்து எடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'சேர், எங்க ஊர்ல அது அவுட்டு' என்றால் போதும். சிரித்திருப்பார்கள், நானும் சிரித்திருப்பேன், திரும்பிப் போய் நின்றிருப்பேன். ஆனால் அடுத்த கேள்வி 'எந்த ஊர்?' என்பதாக இருக்கும். மேனேஜர் கேட்டுக்கொண்டிருப்பார். ரன்னுக்கு விலாசம் இல்லை என்று நம்பி வந்தவன் வாயைத் திறந்து விலாசத்தைச் சொல்வதா. நடுவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் குனிந்து காலைப் பிடித்துக்கொண்டேன்.

"கால் புடிச்சிருச்சி சேர்."

"வேலி ஏறும்போது நன்றாகத்தானே இருந்தது?"

"ஏறுனதுலதான் சேர்."

காயத்தோடு வெளியேறியவன் என்று எழுதிக்கொண்டார்கள். பெவிலியனில் இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்து, வலது காலில் மருந்து பூசிப் பெரிதாகத் துணிக்கட்டுப் போட்டார்கள். நல்ல மனிதர்கள். பிளேன்டீயும் ஒரு மீன் பனிஸும் தந்தார்கள். அதைத் தின்றுகொண்டே, என் இடத்துக்கு இறங்கிய கம்பளைப் பையன் ஆடுவதைப் பார்த்தேன். ரியாஸ் நானா அவனுக்கும் அதே மாதிரிக் குட்டையாக ஒன்று போட்டார். அவனும் வேலிக்கு மேலே தூக்கினான். தூக்கிவிட்டுத் துடுப்பில் சாய்ந்து நின்றான். வேறு யாரோ போய்ப் பந்தை எடுத்து வந்தார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜர் சிரித்துக்கொண்டே பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டார். இம்முறை மச்சான் எழுந்து நிற்கவில்லை.

முடிந்ததும் மச்சான் பையைக் கட்டிக்கொண்டு ஸ்டோர் பக்கம் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. ரியாஸ் நானா தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறுங்க தம்பி. டவுன்ல வேல ஈக்கி. எறக்கிட்டுப் போறன்." (அவர்கள் ஊர்ப் பேச்சில் இருக்கு என்பது ஈக்கி, இருந்து என்பது ஈந்து.)

நான் நொண்டிக்கொண்டே போனேன்.

"தம்பி."

"என்னா நானா?"

"கட்டுப் போட்டீக்கிறது வலது கால்ல. நீங்க நொண்டுறது எடது கால."

நான் நின்றேன். குனிந்து இரண்டு காலையும் பார்த்தேன். இரண்டும் என்னைக் கைவிட்டிருந்தன.

தென்னகும்புரைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நிறுத்தினார். அங்கேதான் அவருக்குச் சொன்னேன்: மதில், பள்ளம், ரோடு, சட்டம் எல்லாவற்றையும். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கீழே மகாவலி, எங்கும் போக அவசரமில்லாத மாதிரி, போய்க்கொண்டிருந்தது.

"நான் அந்தக் கேம்புக்குப் போனேனே, அங்க என்ன நடந்திச்சி தெரியுமா," என்றார். "எங்கட கிளப்ல நான் போடுற பந்து வெளிய போற மாதிரி ஈந்து உள்ள வரும். மூணாவது நாலாவது பந்துல அடிக்க வருவான், போல்ட். எல்லாரும் அப்படித்தான். அங்க ஒருத்தன் வந்து நிண்டான். ஒண்ணும் செய்யல்ல. உட்டான். ஆறு பந்தும் உட்டான். அடுத்த ஓவருக்கு வந்தன். ஏழாவது பந்துக்கு என்ன செய்றண்டு எனக்குத் தெரியல்ல தம்பி. எங்கட ஊர்ல ஏழாவது பந்து வரைக்கும் யாரும் ஈந்ததில்லயே."

"யார்ட்டயாவது கேட்டீங்களா?"

"என்னண்டு கேக்குற? அவ்வளவு விக்கெட் எடுத்தவன் போய், அடுத்த பந்து என்ன போடுறண்டு கேட்டா?" கோப்பையை வைத்தார். "தோள்ல நோவுண்டு சொல்லிட்டு வந்துட்டன்."

"எந்தத் தோளு நானா?"

அப்போதுதான் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்தோம், கடைக்காரர் வெளியே வந்து பார்க்கும் அளவுக்கு. மழை யோசித்து முடித்துவிட்டு வந்து பெய்தது.

கோட் போட்டவர்கள் தொலைக்காட்சியில் பேசும்போது எனக்கு அந்தத் தோள்தான் ஞாபகம் வரும். தொப்பி போட்ட புதுப் பையன் தலையைக் குனிந்து வெளியே நடக்கிறபோது, அவனுக்கு எதைப் பற்றி யாரிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததோ என்று தோன்றும். ஒரு வேளை அப்படி ஒன்றும் இல்லாமல், நல்ல பந்தாகவும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் ஆடியது ஒரு நாள்.

வேலை கம்பளைப் பையனுக்குப் போனது. அவன் பின்னாளில் அந்தக் கம்பனியில் பெரிய பதவிக்கு வந்தான் என்று கேள்வி. அப்பாவின் வேலைக்கு நான் போகவில்லை. அப்பாவே ஒரு நாள், நடந்துகொண்டே, "அவசரமில்ல, இன்னும் கொஞ்ச நாள் தேடு" என்றார். தேடித் தேடி, கண்டி நகரத்தில் ஒரு புத்தகக் கடையில் பொதி பிரிக்கிற ஆளாகச் சேர்ந்தேன். அங்கே விலாசத்தைப் பார்த்த முதலாளி, "கிட்டத்தானே, நேரத்தோட வரலாம்" என்று மட்டும் சொன்னார். இருபத்தைந்து வருடமாக நேரத்தோடுதான் போகிறேன்.

மதில் விஷயம் வீட்டுக்கு வர இரண்டு நாள்தான் ஆனது. ரியாஸ் நானா செவ்வாய்க்கிழமை மச்சானிடம் சொல்ல, மச்சான் அன்றைக்கே அக்காவிடம் சொல்ல, அக்கா புதன்கிழமை பைப்படியில் சொன்னாள். அதற்குப் பிறகு அது என் கதை இல்லை, ஊர்க் கதை. கல்யாண வீடுகளில் அக்காதான் இன்றைக்கும் சொல்கிறாள். ஒவ்வொரு வருடமும் வேலி கொஞ்சம் உயர்கிறது. காற்சட்டைக் கிழிசல் கொஞ்சம் நீள்கிறது. போன தை மாதம் சொன்னபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடும் இருந்தது. வீட்டில் யாராவது நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிற காரியத்தைக் கூச்சத்தில் குழப்பிக்கொண்டு வந்தால், "என்னா, பந்து எடுக்கப் போயிட்டீங்களா?" என்பார்கள். என் மனைவி கல்யாணமாகி வந்த முதல் வாரமே இந்த வாசகத்தைக் கற்றுக்கொண்டாள். அதைச் சரளமாகப் பயன்படுத்துகிறாள்.

போன மாதம் எங்கள் மகள் கொழும்பில் ஒரு கம்பனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். முதல் நேர்முகத் தேர்வு. பின்னேரம் போன் எடுத்தாள்.

"எப்படிம்மா?"

"பரவால்லப்பா. அஞ்சு பேரு இருந்தாங்க. கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். நடுவுல டீ குடுத்தாங்க."

"சரி."

"குடிச்சிட்டுக் கப்பைக் கையில வச்சிக்கிட்டு இருந்தேன். நம்ம வீட்லன்னா குடிச்சவங்கதானே கழுவணும். கதவுக்கு வெளிய ஒரு சிங்க் தெரிஞ்சிச்சி."

நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். "பந்து எடுக்கப் போயிட்டியா?"

"இல்லப்பா. இத எங்க வைக்கிறதுன்னு கேட்டேன்."

"யார்ட்ட?"

"நடுவுல இருந்த பெரியவர்ட்டதான்."

"கேட்டியா? என்ன சொன்னாரு?"

"அந்த மேசையிலயே வைங்கன்னாரு. அவ்வளவுதான்பா."

"அவ்வளவுதானா?"

"ம். வேற என்ன?"

போனை வைத்தேன். வேலை கிடைத்ததா என்று கேட்க மறந்துபோனேன். என் மனைவிதான் திரும்ப எடுத்துக் கேட்டாள்.